மரப்பாச்சிக்குப் பசை வேண்டாம்

பெசன்ட் நகரில் கொலு வைக்கும் வீட்டாருக்கு,

புரட்டாசி பிறப்பதற்கு முன்பே உங்களில் பலர் மரப்பாச்சிக்கு உடை தைக்கச் சொல்லி என்னிடம் வருவீர்கள். பாவாடை, பஞ்சகச்சம், மடிசார், மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை என்று நீங்கள் கேட்டதையெல்லாம் இத்தனை காலமும் மகிழ்ச்சியோடு தைத்துக் கொடுத்திருக்கிறேன். இந்த ஆண்டும் தைப்பேன். ஆனால் துணியைப் பொம்மையோடு சேர்த்து ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். முகத்தில் கல் பதிக்கச் சொல்லாதீர்கள். வார்னிஷ் அடித்துக் கேட்காதீர்கள். வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் இதை விளக்க முடிவதில்லை. அவசரத்தில் சொன்னால் வேலைக்கு அலுத்துக்கொண்டு மறுப்பதுபோல் ஆகிவிடுகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அலங்கார மரப்பாச்சி என்று ஒன்று இப்போது பரவியிருக்கிறது. பட்டுத் துணியை அளவாக வெட்டி, வெள்ளைப் பசை தடவி, மரத்தின் மேல் நேராக ஒட்டி, ஓரத்தில் ஜரிகை நாடா, கழுத்தில் குந்தன் கல், நெற்றியில் ஜிகினா என்று முடிக்கிறார்கள். பார்க்க அழகாகவே இருக்கிறது. செய்கிறவர்களின் கைத்திறனைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்தபடியே இதில் நாலு காசு பார்க்கும் பெண்கள் பலர். புதிதாகக் கடைந்த பொம்மைக்கு இதைச் செய்தால்கூடப் பெரிய நஷ்டம் இல்லை. உங்கள் பாட்டி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த செம்மரப் பொம்மைக்குச் செய்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நம் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். கடற்கரையிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளியிருக்கும் வீட்டிலும் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது. கொலு முடிந்து பொம்மைகளைக் கட்டிப் பரணில் ஏற்றும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. ஒட்டிய துணி அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அடியில் இருக்கும் மரத்துக்குக் காற்றே படுவதில்லை. செம்மரத்தின் வைரத்தைக் கறையான்கூட அவ்வளவு எளிதில் தொடாது. ஆனால் துணியையும் பசையையும் தேடிக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வரும். அடுத்த நவராத்திரிக்கு எடுத்துப் பார்த்தால் பட்டு அரித்துப்போயிருக்கிறது, மடிப்புக்குள் பூஞ்சை கறுத்திருக்கிறது. உடனே அதைக் கத்தியால் சுரண்டிவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடியும் ஒட்டுகிறார்கள். இப்படி நாலைந்து நவராத்திரி போனால் மூக்கு இருந்த இடம் தட்டையாகிவிடுகிறது. பின்னல் போட்ட கூந்தலின் வரிகள் மறைந்துவிடுகின்றன. உளியால் செதுக்கியவர் விட்டுப்போன கோடுகள் அவை. மறுபடி யாரும் போட்டுத் தர முடியாது.

ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். வெள்ளைப் பசை தண்ணீரில் இளகக்கூடியது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பொம்மையின் மேல் போர்த்தி, ஊறவிட்டு, விரலால் மெதுவாக உரியுங்கள். ஒரே நாளில் முழுவதும் வராது; வந்த அளவு எடுத்துவிட்டு நிழலில் உலர்த்தி, மறுநாள் தொடருங்கள். தின்னர், ஸ்பிரிட், நகப்பூச்சு நீக்கும் திரவம் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. செம்மரத்துக்கு அந்தச் சிவப்பைத் தருவது சாண்டலின் என்னும் நிறப்பொருள். அது தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். பசையை எடுக்கப்போய் மரத்தின் நிறத்தையே எடுத்துவிடுவீர்கள். சுத்தமான பிறகு பருத்தித் துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு முறை துடைத்து, அதன் மேலேயே உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்தால் போதும். எண்ணெய் மிச்சமிருந்தால் தூசி பிடிக்கும்.

உங்கள் வீட்டில் இருப்பது செம்மரம்தானா என்று பலர் கேட்கிறீர்கள். கையில் எடுத்தாலே கனம் சொல்லிவிடும். வைரம் பாய்ந்த செம்மரம் தண்ணீரில் மூழ்கும்; பெரும்பாலான மரங்கள் மிதக்கும். ஈரத் துணியால் துடைக்கும்போது துணி ரத்தச் சிவப்பாக ஊறினால் அது மேலே ஏற்றிய சாயம் என்று சந்தேகப்படலாம். இப்போது கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வேறு மரத்தில் கடைந்து சாயம் ஏற்றியவைதான். அதில் தப்பே இல்லை. அதைச் சொல்லி விற்றால் சரி. ஆனால் சாயம் போட்ட பொம்மையைப் பல் முளைக்கும் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள், கல்லில் இழைத்து வீக்கத்துக்குப் போடவும் போடாதீர்கள். பழைய பொம்மையாக இருந்தாலும் மேலே வார்னிஷ் ஏறியிருந்தால் அதே எச்சரிக்கைதான்.

இந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கேட்பதன் முக்கால் பங்கு நியாயம் அதில்தான் இருக்கிறது. செம்மரம், செஞ்சந்தனம், ரத்த சந்தனம் என்று நாம் அழைக்கும் இந்த மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. கடப்பா, சித்தூர், நெல்லூர், கர்நூல் பக்கத்து வறண்ட, கல்லும் பாறையுமான மலைகள்தான் அதன் ஊர். சேஷாசலம் அந்த மலைகளில் ஒன்று. ஏழுமலையானைப் பார்க்கப் போனவர்கள் கையில் மரப்பாச்சியோடும் மரச் சொப்போடும் திரும்பி வந்ததற்கு இதுதான் காரணம். மரம் அங்கேயே இருந்தது, கடைந்து செதுக்கும் கைகள் அங்கேயே இருந்தன, வாங்குகிற கூட்டம் மலையேறி வந்துகொண்டே இருந்தது.

வைரம் பாயப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் மரம் அது. சீனாவில் அரச குடும்பத்துப் பாணி நாற்காலிகளுக்கும் ஜப்பானில் சாமிசென் என்னும் நரம்பு வாத்தியத்தின் கழுத்துக்கும் அதைக் கேட்டார்கள், விலை ஏறியது, கடத்தலும் ஏறியது. 1995-இல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தில் செம்மரம் சேர்க்கப்பட்டது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி என்று நம் மாவட்டங்களிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். தாக்க வந்ததால் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்துவைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். அந்தக் குடும்பங்களில் பல அந்தக் கூலியை நம்பி இருந்தவை.

அதனால்தான், ‘அசல் செம்மரத்தில் புது ஜோடி எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை’ என்று நீங்கள் கேட்கும்போது என் மனம் ஒப்புவதில்லை. எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்ற வார்த்தைதான் அந்தக் காட்டுக்குள் ஆளை அனுப்புகிறது. உங்கள் பரணில் இருக்கும் ஜோடி, இந்தச் சண்டையெல்லாம் தொடங்கும் முன்பே வெட்டிய மரத்தில் செய்தது. அதற்கு ஈடாக இனி ஒன்று வரப்போவதில்லை என்று எண்ணிக்கொண்டே அதைக் கையில் எடுங்கள். பழம்பொருள் வியாபாரி வந்து விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னதும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. நான் சொல்வது அதற்கு நேர் எதிர். குழந்தை கையில் கொடுங்கள்.

மரப்பாச்சியின் உடம்பை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியே இருக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் விரல் கிடையாது, தனியே செருகிய உறுப்பு கிடையாது, உடைந்து விழ எதுவுமே கிடையாது. ஒரே கட்டையில் செதுக்கியது. காலடியில் நிற்பதற்கு ஒரு பீடம். கண்ணும் மூக்கும் உதடும் சில வெட்டுகளில் முடிந்துவிடுகின்றன. நகை, புடவை மடிப்பு என்று அதிகம் செதுக்குவதில்லை. அதெல்லாம் வைத்திருக்கிற குழந்தை போட வேண்டியது. இப்படி ஒரு உருவத்தை யோசித்தவர் கொலுப்படியை நினைத்துக்கொண்டு செய்திருக்க முடியாது. கீழே போட்டு, வாயில் வைத்து, தண்ணீரில் முக்கி, இழுத்துக்கொண்டு ஓடும் ஒரு குழந்தைக்காகவே செய்தது இது. துணியை ஒட்டிவிட்டால் குழந்தைக்கு அதனோடு செய்வதற்கு ஒன்றுமே மிஞ்சுவதில்லை. ஒரு பொம்மைக்கு உடுத்தி, அவிழ்த்து, குளிப்பாட்டி, மறுபடி உடுத்துவதுதானே விளையாட்டு?

எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் கிடையாது. ஆனால் மரப்பாச்சி இருந்தது. எனக்கு மொட்டையடிக்கத் திருப்பதி போனபோது அம்மா வாங்கிவந்தது. அதற்குக் கிழிந்த பாவாடையின் விளிம்பைச் சுற்றி, நூலால் கட்டி, பிளவுஸ் என்று ஒரு துண்டில் இரண்டு ஓட்டை போட்டதுதான் என் முதல் தையல். சென்னையில் பல வீடுகளில் இப்படித்தான். மரப்பாச்சி ஒரு சாதியின் பொருளாகவோ ஒரு பண்டிகையின் பொருளாகவோ தொடங்கவில்லை. மலையடிவாரத்தில் எல்லோருக்கும் விற்றது. எல்லோர் வீட்டுத் திண்ணையிலும் அதற்குக் கல்யாணம் நடந்தது. ஊரூர் ஆல்காட் குப்பத்துக் குழந்தைகள் சுண்டலுக்காக உங்கள் படியேறி வரும்போது மரப்பாச்சியைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினால் தயவுசெய்து அதட்டாதீர்கள்.

இனி வேறொரு ஊர்ப் பொம்மையைப் பற்றி. இங்கே ஒரு வீட்டில், கானாவில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பத்தார், கடைசிப் படியில் உள்ளங்கை அளவில் ஒரு மர உருவத்தை வைத்திருந்தார்கள். கைகள் பக்கவாட்டில் ஒட்டி, கால்கள் சேர்ந்து, நேரே பார்த்து நிற்கும் உருவம். முகம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. நம் மரப்பாச்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று எடுத்த எடுப்பில் தோன்றியது. கானாவின் தென்கிழக்கிலும் டோகோவின் தெற்கிலும் வாழும் எவே மக்கள் செய்யும் இரட்டையர் பொம்மை என்று அந்த வீட்டு அம்மா சொன்னார். வெனாவி என்று அதற்குப் பெயர். அதன் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

எவே மக்களிடம் இரட்டைக் குழந்தைகள் வரம் என்று கொண்டாடப்படுகிறார்கள். அவர்களில் ஒன்று இறந்துவிட்டால் அந்தக் குழந்தைக்காக ஒரு சிறு மர உருவம் செய்விக்கிறார்கள். இரண்டும் இறந்தால் ஒரு ஜோடி. உயிரோடிருக்கும் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது பொம்மைக்கும் ஊட்டுகிறாள் தாய். குளிப்பாட்டினால் அதையும் குளிப்பாட்டுகிறாள். துணி உடுத்துகிறாள், படுக்க வைக்கிறாள், வெளியே போகும்போது இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு போகிறாள். ஒரு பிள்ளைக்குச் செய்து இன்னொரு பிள்ளைக்குச் செய்யாமல் விட மாட்டாள். பக்கத்தில் நைஜீரியாவின் யொருபா மக்களிடமும் இதே வழக்கம் உண்டு. அவர்கள் அந்த உருவங்களுக்குச் செந்தூள் பூசுகிறார்கள். அந்தத் தூளை எடுக்கும் மரங்களில் ஒன்று வேங்கைப் பேரினத்தைச் சேர்ந்தது. நம் வேங்கையும் செம்மரமும் அதே பேரினம்தான். கடல் கடந்து இரண்டு ஊர்களில், ஒரே வம்சத்து மரத்தின் சிவப்பு, குழந்தையின் பெயரால் பொம்மையின் மேல் ஏறியிருக்கிறது.

இந்த ஆப்பிரிக்க உருவங்கள் இன்று ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அங்கே உள்ளவர்கள் எதை மதிக்கிறார்கள் தெரியுமா? அந்தத் தேய்மானத்தைத்தான். கழுவிக் கழுவி மூக்கு மழுங்கி, கண் மறைந்து போன முகம் என்றால், ஒரு தாய் அதை உண்மையாக வளர்த்திருக்கிறாள் என்று பொருள். விற்பனைக்காகப் புதிதாகச் செய்து பழசாக்கியதா என்று பிரித்தறியவும் அதைத்தான் பார்க்கிறார்கள். உப்புத்தாள் தேய்த்துப் போன மூக்குக்கும் விரல் பட்டு மழுங்கிய மூக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உங்கள் மரப்பாச்சியின் கன்னம் வழுவழுப்பாக இருந்தால் அது உங்கள் அம்மாவும் அத்தைகளும் தடவிய வழுவழுப்பு. அதன் மேல் வார்னிஷை எப்படி ஏற்றுவது?

அந்தத் தாய்மார்களின் துயரத்தை நம் பண்டிகையோடு சமமாக்கிப் பேச மாட்டேன். அங்கே அது ஒரு குழந்தையின் இடத்தில் இருப்பது. ஆனால் அவர்கள் செய்வதில் ஒன்றை நாமும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படியிலேயே படுக்கவைத்து, சில வீடுகளில் நீலாம்பரியில் ஒரு தாலாட்டும் பாடுகிறோம். ஒரு மரக்கட்டைக்குத் தூக்கம் வரும் என்று நம்பி நடந்துகொள்கிற பெரியவர்கள் நாம். வருடத்தில் ஒரு இரவு மட்டும் அப்படி இருந்துவிட்டு மற்ற நாள் முழுவதும் பரணில் போட்டுவைப்பானேன்?

பொம்மையைக் குழந்தை கையில் கொடுப்பதில் இந்த நகருக்கே ஒரு பங்கு உண்டு. அன்னி பெசன்ட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது நம் நகர். பக்கத்தில், அவர் தலைமை வகித்த அடையாறு பிரம்மஞான சபைக்கு 1939-இல் வந்து இறங்கியவர் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து வந்தார்கள். இரண்டாம் உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, சென்னையிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தை கையால்தான் கற்கும், தொட்டுத் தூக்கிக் கழற்றி மாட்டித்தான் கற்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். பித்தான் போட, நாடா முடிய, கொக்கி மாட்டப் பழக்குவதற்கென்றே மரச் சட்டத்தில் துணி கட்டிய கருவிகளை வகுப்பில் வைத்தார். இன்று பெசன்ட் நகரில் உங்கள் பேரக்குழந்தைகள் படிக்கும் மாண்டிசோரி வகுப்புகளிலும் அந்தச் சட்டங்கள் இருக்கின்றன. மரப்பாச்சிக்குப் பாவாடை நாடா கட்டத் தெரிந்த குழந்தைக்கு அந்தப் பாடம் வீட்டிலேயே நடந்துவிடுகிறது. பிளாஸ்டிக் வேண்டாம், மரப் பொம்மைதான் வேண்டும் என்று நல்ல மனதோடு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் இளம் பெற்றோரிடம் நான் கேட்பது, முதலில் உங்கள் மாமியாரின் பரணைத் திறந்து பாருங்கள் என்றுதான்.

குழந்தை பொம்மையோடு பேசும் பேச்சும் முக்கியம். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-இல் சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல். அதில் பேசும் மரப்பாச்சி ஒன்று, தவறாகத் தொடும் பெரியவர்களைப் பற்றி வாய் திறந்து சொல்ல ஒரு சிறுமிக்குத் துணிவு கொடுக்கிறது. உங்கள் வீட்டில் பத்து வயதுக் குழந்தை இருந்தால் பொம்மையோடு அந்தப் புத்தகத்தையும் கொடுங்கள். பையன்களுக்கும்தான். ராஜா பொம்மைக்குப் பஞ்சகச்சம் கட்டப் பையன்கள் காட்டும் பொறுமையை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் பழைய ஜோடி இல்லாதவர்கள், மகளின் முதல் கொலுவுக்கு வாங்கியே தீர வேண்டும் என்றால், செம்மரம் கேட்காமல் வாங்குங்கள். நம்மூரில் மரம் செதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, வேம்பு, மா என்று பச்சைமலைப் பக்கம் கிடைக்கும் மரங்களில் சாமி சிலைகள் செதுக்குகிறார்கள். கள்ளக்குறிச்சியும் சேலம் மாவட்டத்தின் தம்மம்பட்டியும் அப்படிப்பட்ட ஊர்கள்தான். பெரிய சிலை செய்யும் கைக்கு ஒரு சாண் மரப்பாச்சி கடினமில்லை. ஒரு அடுக்ககத்தில் பத்து வீடு சேர்ந்து, சாயமும் வார்னிஷும் இல்லாத வேப்பமர ஜோடி வேண்டும் என்று சொல்லிச் செய்யவைத்தால் அவர்களுக்கும் அது வேலை. சிவப்பாக இருக்காது. இருக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. கருங்காலியில் செய்த கறுப்பு மரப்பாச்சியும் நம்மிடம் காலம் காலமாக இருந்ததுதான்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் புது பிரொகேட் வாங்காதீர்கள். விறைத்து நிற்கும், சின்ன உடம்பில் மடிப்பு விழாது. கட்டிக் கட்டி இளகிய பழைய பட்டுப்புடவையின் முந்தானையோ, கைத்தறி வேட்டியின் கரையோ கொண்டுவாருங்கள். பாவாடைக்கு இடுப்பில் நாடா வைத்துத் தருகிறேன். பிளவுஸைப் பின்பக்கம் திறந்து ஒரே ஒரு முடிச்சில் நிற்கும்படி தைக்கிறேன். மடிசாரையும் பஞ்சகச்சத்தையும் மட்டும் இனி தைக்க மாட்டேன். கட்டத்தான் சொல்லித் தருவேன், குழந்தைக்கும் சேர்த்து. எடுத்து வைக்கும்போது துணியை அவிழ்த்துத் தனியாக மடித்து, பொம்மையை வெறும் பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் இரண்டு துண்டு வசம்பு போட்டுவிடுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம். பொம்மை, குழந்தை வாயில் வைக்கும் பொருள்.

ஒட்டிய பொம்மைகளை என்னிடமே கொடுத்துப் பசை எடுக்க நினைப்பவர்கள் ஆவணி முடிவதற்குள் கொண்டுவந்துவிடுங்கள். அந்த வேலைக்குக் காசு வாங்க மாட்டேன். பசை ஊறி வருவதற்கும் மரம் நிழலில் உலர்வதற்கும் நாள் பிடிக்கும். மகாளய அமாவாசைக்கு முதல் நாள் வந்தால் செய்து தர முடியாது.

அன்புடன்,
உங்கள் தெருவில் பொம்மைக்கு உடை தைப்பவள்